குழாயை மூடினால் பூக்கும் மரம்

பிப்ரவரி கடைசியில் ஹைதராபாத்திலிருந்து விகாராபாத் பக்கமோ ஸ்ரீசைலம் சாலையிலோ போகிறவர்கள் கண்ணில் படாமல் தப்பாத மரம் ஒன்று உண்டு. அதற்குள் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். குட்டைகளில் சேறும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்தக் கற்காட்டில் இந்த மரம் மட்டும் ஓர் இலைகூட இல்லாமல், அடிக்கிளை முதல் உச்சி வரை காவியும் சிவப்புமாகப் பூத்து நிற்கும். தெலுங்கில் இதை மோதுக என்பார்கள். வடக்கே பலாஷ். தமிழில் புரசு, பலாசம். சென்னைக்காரர்களுக்குப் புரசைவாக்கம் கங்காதரேசுவரர் கோயிலின் தலமரம் என்றால் சட்டென்று நினைவுக்கு வரும்.

நகரத்தில் வீடு கட்டி, வாசலில் கொஞ்சம் மண் விட்டுவைத்திருப்பவர்களுக்கு இந்த மரத்தின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆசைப்பட்டு நட்டவர்கள் பலரும் அதற்குச் செய்யும் உபசாரம் ஒரே மாதிரிதான்: நல்ல எருமண், அடியில் புல்தரை, காலையும் மாலையும் குழாய்த் தண்ணீர். மரம் தழைக்கிறது. இலை பளபளவென்று இருக்கிறது. ஆனால் காட்டுப் புரசில் கண்ட அந்தப் பூ வருவதில்லை. கற்காட்டில் தண்ணீரே இல்லாதபோது பூ எங்கிருந்து வந்தது, தோட்டத்தில் தண்ணீர் இருந்தும் ஏன் வரவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். தக்காணத்தில் வசந்தத்தைக் கொண்டுவருவது வறட்சி. அதைப் புரிந்துகொண்டவருக்குத்தான் இந்த மரம் வசப்படும்.

ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தால்

மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கட்டைவிரல் அளவு. காம்பை ஒட்டி, கறுப்போடு பழுப்பு கலந்த வெல்வெட் துணி போர்த்தியது போன்ற ஒரு கிண்ணம் இருக்கும். அதுதான் புல்லிவட்டம். விரலால் நீவினால் அதன் மெல்லிய ரோமம் தெரியும். மொட்டுப் பருவத்தில் பூவை முழுக்க மூடிக்கொண்டு, உச்சி வெயிலிலிருந்து காப்பாற்றுவது இந்தக் கிண்ணம்தான். ஜனவரியில் மொட்டைக் கிளைகளின் நுனியில் கறுப்புக் கறுப்பாகத் திரண்டு நிற்பவையும் இவைதான்.

கிண்ணத்துக்கு மேலே ஐந்து இதழ்கள். அகத்திப் பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இருக்காது. புரசும் அகத்தியும் துவரையும் ஒரே குடும்பம். பின்னால் வளைந்து நிற்கும் அகன்ற இதழ் கொடியல்லி. இரு பக்கமும் உள்ள சிறியவை சிறகல்லிகள். நடுவில் இரண்டு இதழ்கள் ஒட்டி, கிளி மூக்கைப் போல் வளைந்திருப்பது படகல்லி. இதழ்களின் வெளிப்புறத்தில் வெள்ளி நிறத்தில் பட்டு ரோமம் இருப்பதால், வெயிலில் மரம் முழுக்க ஒரு மினுமினுப்புத் தெரியும். படகல்லியை நகத்தால் மெதுவாகப் பிளந்தால் உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். ஒன்பது ஒன்றாக இணைந்திருக்கும், ஒன்று தனித்திருக்கும். அவற்றின் நடுவே சூல்தண்டு. எல்லாம் அந்த மூக்கின் வளைவிலேயே வளைந்து கிடக்கும். அடிப்பகுதியில் தேன் ததும்பும்.

முகர்ந்து பார்த்தால் வாசனை இல்லை. இந்தப் பூவை யார் தேடி வரவேண்டும் என்பதற்கு அதுவே முதல் துப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

தாவரவியலாளர்கள் இதற்கு வைத்த பெயர் பியூட்டியா மோனோஸ்பெர்மா. முதல் பாதி, தாவரங்களில் ஈடுபாடு கொண்டிருந்த பிரிட்டிஷ் பிரபு பியூட் என்பவரின் நினைவாக வந்தது. சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் பெரிய நூலில் 1795இல் வில்லியம் ராக்ஸ்பர்க் இதைப் படத்தோடு வர்ணித்தார். பெயரின் பின்பாதி, காய்க்கு ஒரே விதை என்பதைக் குறிக்கிறது. தட்டையான, பட்டுப்போன்ற காயின் நுனியில்தான் அந்த விதை இருக்கும். மற்ற பகுதி வெறும் காகிதம் போன்ற சிறகு. கோடைக் காற்றில் காய் சுழன்று தள்ளிப்போய் விழுவதற்கான ஏற்பாடு அது.

மரத்தின் தண்ணீர்க் கணக்கு

ஹைதராபாத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அடியில் இருப்பதோ 250 கோடி ஆண்டுப் பழைமையான கருங்கல். அதன்மேல் பல இடங்களில் மண் மெல்லிய போர்வைதான். ஆகவே ஏழெட்டு மாதம் கையிருப்பை வைத்தே மரங்கள் குடித்தனம் நடத்தியாகவேண்டும்.

இலை என்பது மரத்துக்குச் சமையலறை. ஆனால் அதன் துளைகளைத் திறந்து கரிவளியை உள்ளே விடும்போதெல்லாம் நீராவி வெளியே போகிறது. ஈர மண்ணில் இது பிரச்சினை இல்லை. டிசம்பரில் மேல்மண் காய்ந்ததும், வேர் அனுப்புவதைவிட இலை செலவழிப்பது அதிகமாகிவிடும். அப்போது தண்டிலும் கிளையிலும் சேர்ந்திருக்கும் நீர் குறையத் தொடங்கும். மொட்டு விரிய வேண்டுமானால் அதன் செல்கள் நீரால் உப்பிப் பெரிதாகவேண்டும். நீரழுத்தம் குறைந்த கிளையில் மொட்டு அப்படியே உறங்கும்.

புரசு இந்த இடத்தில் ஒரு துணிச்சலான காரியம் செய்கிறது. இலைகளையெல்லாம் உதிர்த்துவிடுகிறது. செலவு ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆழத்தில் பாறை இடுக்குகளில் இறங்கியிருக்கும் வேர்கள் சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவது மட்டும் நிற்பதில்லை. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டால், மோட்டார் மெதுவாக ஏற்றினாலும் விடிவதற்குள் மாடித் தொட்டி நிரம்பிவிடும் அல்லவா? அதேபோல் தண்டு மறுபடி நிரம்புகிறது. நீரழுத்தம் திரும்புகிறது. சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கும்போதே மொட்டுகள் உப்பி விரிகின்றன.

இது புரசுக்கு மட்டும் உரிய தந்திரம் அல்ல. கோஸ்டா ரிக்காவின் வறண்ட காடுகளில் மரங்களின் நீரிருப்பை அளந்து பார்த்த ரோல்ஃப் போர்ச்செர்ட் என்ற தாவரவியலாளர், 1994இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார். மழையில்லாத மாதங்களில் எந்த மரம் எப்போது பூக்கும், எப்போது துளிர்க்கும் என்பதை மண்ணிலும் தண்டிலும் சேர்ந்துள்ள நீரே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர் கண்டது. தண்டில் நீர் சேமிக்கத் தெரிந்த மரங்கள், இலையை உதிர்த்த பிறகு வறட்சியிலேயே பூக்கின்றன. பகல் நீளமும் இதில் பங்கு வகிக்கக்கூடும். பூமத்திய ரேகைக்கு அருகே பகல்பொழுதில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தைக்கூடச் சில மரங்கள் உணர்ந்து ஒரே நேரத்தில் பூக்கின்றன என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2005இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஹைதராபாத்தில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே சுமார் இரண்டு மணி நேர வித்தியாசம் இருக்கிறது.

குளிர் நாடுகளின் வசந்தத்தோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு பளிச்சென்று விளங்கும். ஜப்பானின் செர்ரி மரம் பூக்கவேண்டுமானால் முதலில் போதிய குளிரைக் கடக்கவேண்டும். பிறகு வெப்பம் ஏறவேண்டும். அதனால்தான் உலகம் சூடேறும்போது அதன் பூக்காலம் முன்னால் நகர்கிறது. கியோட்டோ நகரில் 2021ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று செர்ரி முழுதாகப் பூத்தது. அங்கே 1200 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைக்கும் பதிவுகளில் அதுவரை அத்தனை சீக்கிரம் பூத்ததில்லை. அந்த மரத்தின் கடிகாரம் குளிரில் ஓடுகிறது. நம் புரசின் கடிகாரம் தண்ணீர்க் கணக்கில் ஓடுகிறது. தோட்டக்கலைப் புத்தகங்களில் வசந்தகாலப் பராமரிப்பு என்று போட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் முதல் வகைக் கடிகாரத்துக்கு எழுதியவை. அவற்றை அப்படியே ஹைதராபாத்தின் பஞ்சாரா ஹில்ஸுக்குக் கொண்டுவந்தால் பலிக்காது.

பூப்பதற்கு இந்த நேரம் ஏன் லாபகரமானது என்பதையும் சொல்லவேண்டும். இலையில்லாத மரத்தில் பூ வெகுதூரத்திலிருந்தே தெரியும். தேனை மழை கரைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, மார்ச்சில் சூல் கொண்டால் மே, ஜூனில் காய் முற்றும். காற்றடித்து விதை விழுவதற்கும் தென்மேற்குப் பருவமழை வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும். ஈரம் இருக்கும் நான்கு மாதங்களில் ஒரு நாளையும் வீணாக்காமல் நாற்று வேர் விடலாம்.

யாருக்காகப் பூக்கிறது?

வாசனையில்லாத, பெரிய, செந்நிறப் பூ, ஏராளமான தேன், உட்கார்ந்து குடிக்கக் கெட்டியான காம்பு. இவை மூன்றும் சேர்ந்தால் அது பறவைக்கான விருந்து என்று தாவரவியலாளர்கள் கணிப்பார்கள். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு மங்கல். பறவைக்கு அது வெகு துலக்கமான நிறம்.

தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜேஷ் தண்டன், கே. ஆர். சிவண்ணா, எச். ஒய். மோகன்ராம் ஆகியோர் இந்த மரத்தின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து 2003இல் ஆனல்ஸ் ஆஃப் பாட்டனி இதழில் வெளியிட்டார்கள். ஏழு வகைப் பறவைகள் பூவுக்கு வந்தாலும், அவற்றில் உருப்படியாக மகரந்தம் சேர்த்தது ஊதாத் தேன்சிட்டு ஒன்றுதான் என்பது அவர்கள் முடிவு. மற்றவை தேனைக் குடித்துவிட்டுப் போய்விடுகின்றன. தேன்சிட்டு வாய் வைக்கும் கோணத்தில்தான் படகல்லி விலகி, மகரந்தத் தாளும் சூலகமுடியும் அதன் உடலில் சரியாக உரசுகின்றன. ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்தின் பூவில் விழுந்தால் காய் பிடிப்பது குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. மரம் நிறையப் பூத்தும் காய் சொற்பமாக இருப்பதற்கு ஒரு காரணம், போதுமான மகரந்தம் வந்து சேராதது.

இதிலிருந்து வீட்டுத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தெருவில் ஒரே ஒரு புரசு இருந்தால் பூ கிடைக்கும், விதை கிடைப்பது அரிது. நாலு வீடு தள்ளி இன்னொருவர் வளர்த்தால் இரண்டுக்கும் நல்லது. கன்றுகளை வேறு வேறு தாய்மரங்களிலிருந்து எடுப்பதும் நல்லது.

பறவைகளில் தேன்சிட்டு மட்டும்தான் காரியத்தை முடிக்கிறது என்றாலும் மற்ற விருந்தாளிகளை விரட்டவேண்டியதில்லை. அணில் வந்து பூவையே கடித்துக் குதறும். கிளிகளும் கொண்டைக்குருவிகளும் வரும். குளிர்காலத்தைக் கழிக்க மத்திய ஆசியாவிலிருந்து தக்காணத்துக்கு வந்திருக்கும் சூறைக்குருவிகள், ஊருக்குத் திரும்பும் முன் கூட்டம் கூட்டமாகப் புரசையும் இலவ மரத்தையும் மொய்க்கும். வேறு அதிகம் பூக்காத வறட்சிக் காலத்தில், நெடும்பயணத்துக்கு முன் அவற்றுக்குக் கிடைக்கும் தீனி இது.

ஹோலிச் சாயம்

தெலங்கானா ஊர்களில் ஹோலிக்கு இந்தப் பூவைத்தான் பறித்து வந்து ஊறப்போடுவார்கள், அல்லது கொதிக்கவைப்பார்கள். தண்ணீர் மஞ்சளாகி, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் காவியாக மாறும். பூவில் ஐசோபியூட்ரின், பியூட்ரின் என்ற இரண்டு நிறமிக் கூட்டுப்பொருள்கள் உள்ளன. பச்சைப் பூவில் முதலாவது மிகுதி, நிறமுள்ளது. பூ காயக் காய அது இரண்டாவதாக மாறுகிறது, அதற்கு நிறம் கிடையாது. அதனால்தான் உதிர்ந்து பல நாளான பூவைவிட அன்று பறித்த பூ நல்ல சாயம் தரும். காரத்தன்மை கூடும்போது நிறம் ஆழமாகிறது, சுண்ணாம்பின் வேலை அது. துணிச் சாயமாகப் பார்த்தால் இதற்கு ஒரு குறை, துவைத்தால் போய்விடும். ஹோலிக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

நடுவது எப்படி?

ஹைதராபாத்தில் மனையைக் கஜத்தில்தான் பேசுவார்கள். 200 கஜம் மனையில் வீட்டைக் கட்டி, கார் நிறுத்த இடம் விட்டபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். வளர்ந்த புரசு 10 முதல் 15 மீட்டர் உயரம் போகும். ஆகவே சுவரிலிருந்தும் நீர்த்தொட்டியிலிருந்தும் நாலைந்து மீட்டராவது தள்ளி இடம் இருந்தால்தான் இதைப் பற்றி யோசிக்கவேண்டும். முழு வெயில் அவசியம். தொட்டியில் வளர்ப்பது இந்த மரத்துக்கு ஒத்துவராது. வளர்ச்சி மிக மெதுவானது, தண்டு கோணல்மாணலாகத்தான் போகும். நேராக நிமிர்த்திக் கட்ட முயலவேண்டாம், அந்தக் கோணல்தான் அதன் லட்சணம்.

மண் விஷயத்தில் இது அடம் பிடிக்காது. செஞ்சல்லி கலந்த மேட்டு நிலமானாலும், தெலுங்கில் ரேகடி எனப்படும் கரிசலானாலும், சற்றே உவர் நிலமானாலும் பிழைத்துக்கொள்ளும். நகரத்தில் உண்மையான தொல்லை மண்ணுக்குக் கீழே இருக்கிறது. ஜூபிலி ஹில்ஸ், கச்சிபவுலி போன்ற பகுதிகளில் இரண்டடி தோண்டினால் கடப்பாரை ணங்கென்று பாறையில் மோதும். குழி தோண்டியதும் அதில் தண்ணீரை நிரப்பிவிட்டு மறுநாள் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் விரிசலில்லாத பாறை என்று பொருள். வேர் இறங்க வழியில்லாத அந்த இடத்தை விட்டு வேறிடம் தேடுவது நல்லது. வறட்சியில் பூக்கவைக்கும் ரகசியமே ஆழ்வேர்தான்.

நர்சரிகளில் புரசங்கன்று எப்போதும் கிடைக்காது, கிடைத்தாலும் சில நேரம் சிறிய பாலிதீன் பையில் ஆணிவேர் சுருண்டு போயிருக்கும். விதையிலிருந்து வளர்ப்பதே சிறந்த வழி. மே கடைசியில் மரத்தடியில் காய் பொறுக்கலாம். காயின் நுனியை உரித்தால், மூன்று சென்டிமீட்டர் அளவில் செம்பழுப்பான தட்டை விதை வரும். பூச்சி துளைத்ததையும் சுருங்கியதையும் தள்ளிவிடுங்கள். இதற்கு வெந்நீரில் ஊறவைப்பது, தேய்ப்பது போன்ற சடங்குகள் தேவையில்லை. ஆனால் அடுத்த ஆண்டுக்கு என்று பத்திரப்படுத்தக்கூடாது, நாளாக ஆக முளைப்புத் திறன் போய்விடும். ஜூனில் முதல் நல்ல மழை விழுந்ததும், மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்று விதைகளை ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றிவிடலாம். அது முடியாதென்றால் உயரமான பையில் முளைக்கவைத்து, அதே மழைக்காலத்திலேயே நட்டுவிடவேண்டும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி போதும். தோண்டிய மண்ணையே, சிறிது மட்கிய எரு கலந்து நிரப்புங்கள். வெளியிலிருந்து சத்தான மண்ணை வண்டியில் கொண்டுவந்து கொட்டினால் வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுகம் கண்டு சுற்றிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் கட்டாயம் வேண்டும். தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட, வாரம் ஒருமுறை மண் ஆழமாக நனையும்படி விடுவது மேல். மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே படரும். உதிர்ந்த சருகையே மூடாக்காகப் போட்டுவையுங்கள்.

கோடையில் கன்றின் தண்டு காய்ந்துபோனால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வறண்ட காடுகளில் இளங்கன்றின் தண்டு கருகுவதும், மழை வந்ததும் அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பதும் சகஜம். மேலே ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும் அந்த ஆண்டுகளில் கீழே வேர் பருத்துக்கொண்டிருக்கிறது. முதல் பூவைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். சீக்கிரம் ஆகவேண்டும் என்பவர்கள் வேறு மரம் பார்க்கலாம்.

மரம் வேரூன்றிய பின் செய்யவேண்டிய முக்கியமான வேலை, கையைக் கட்டிக்கொண்டிருப்பது. நவம்பரிலிருந்து தண்ணீரை நிறுத்துங்கள். இலை பழுத்து உதிரட்டும். அடியில் புல்தரை போட்டு அதற்குத் தெளிப்பான் வைத்தால், அந்தத் தண்ணீரில் பாதி மரத்துக்குத்தான் போகும். இலை உதிர்வது தள்ளிப்போகும், பூவும் கெடும். யூரியா போன்ற தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம். மாந்தோப்புக்காரர்கள் பூக்கும் பருவத்துக்கு முன் பாய்ச்சலை நிறுத்துவதும் இதே நியாயத்தில்தான். ஏப்ரலில் மழைக்கு முன்பே செம்பு நிறத் தளிர் விடும்போது மரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், அப்போதும் அதற்கு உங்கள் உதவி தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை. வேரைக் கொத்தினால் கொத்திய இடத்திலெல்லாம் புதுக் கன்று கிளம்பும். ஆகவே சுற்றிலும் அடிக்கடி மண்ணைக் கிளறும் பாத்திகள் வேண்டாம். பட்டையில் காயம் பட்டால் சிவப்பாகப் பிசின் வடிந்து கெட்டியாகும். மரம் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டு அது, நோய் என்று பயந்து மருந்தடிக்கவேண்டியதில்லை.

இடம் போதாதவர்களுக்கு

இதே வறட்சிக் கணக்கில் பூக்கும் வேறு நாட்டு மரங்களும் இருக்கின்றன. சிறிய வாசலுக்கு மந்தாரை பொருந்தும். குளிர் முடியும் நேரத்தில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கும், கிளையைக் கழித்து உயரத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். தெலுங்கில் ரேல எனப்படும் சரக்கொன்றை ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சள் சரம் தொங்கவிடும், நடுத்தர உயரம். பாறை மேடுகளிலேயே வளரும், தெலுங்கில் கொண்டகோகு எனப்படும் மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலையில்லாத கிளைகளில் உள்ளங்கை அகல மஞ்சள் பூவோடு நிற்கும். கட்டை மென்மையானது, தண்டில் நீர் சேர்த்து வைப்பதில் கெட்டிக்கார மரம். பிசினுக்காகப் பெயர்போனது. புங்கம் மார்ச்சில் இலை கொட்டி, சில நாட்களிலேயே பளபளக்கும் தளிரோடு பூக்கும்.

வேம்பை விட்டுவிட முடியாது. உகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூ இல்லாமல் தெலுங்குப் புத்தாண்டு பிறக்காது. ஆனால் தெலங்கானா முழுக்க 2021இல் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கியதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சைதான் அதற்குக் காரணம் என்று வேளாண் விஞ்ஞானிகள் கண்டார்கள். பல மரங்கள் அடுத்த பருவத்தில் மீண்டும் துளிர்த்தன. ஆனாலும் ஒரு தெருவில் ஒரே வகை மரத்தை வரிசையாக நடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அது நல்ல பாடம். உங்கள் பக்கத்து வீட்டில் வேம்பு இருந்தால் நீங்கள் வேறொன்றை நடுங்கள்.

நாட்டு மரம் என்பதில் என்ன இருக்கிறது?

நியாயமான ஒரு கேள்வி எழும். மார்ச்சில் ஹைதராபாத் சாலைகளில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் டபேபுயாவும் இலை உதிர்த்துத்தானே பூக்கிறது? உண்மைதான். அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட காடுகளிலிருந்து வந்த மரம் அது. அதன் தண்ணீர்க் கணக்கும் இதே வகை. அழகிலும் குறை சொல்லமுடியாது. வெளிநாட்டு மரம் எல்லாமே கெடுதல் என்று அடித்துப் பேசுவது அறிவியல் ஆகாது. நாம் சாப்பிடும் கொய்யாவும் சப்போட்டாவும் கடல் கடந்து வந்தவைதான்.

வித்தியாசம், ஒரு மரத்தோடு எத்தனை உயிர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்பதில் வருகிறது. புரசு இந்த நிலத்தில் காலங்காலமாக இருப்பதால், அதன் பூவின் வளைவுக்கும் தேன்சிட்டின் அலகுக்கும் பொருத்தம் அமைந்திருக்கிறது. அதன் கிளைச் சாற்றை உறிஞ்சி வாழும் அரக்குப் பூச்சியிலிருந்து ஒரு தொழிலே உருவாயிற்று. அரக்கு ஆராய்ச்சிக்கென்று 1924இல் ராஞ்சியில் தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றும் அரக்கு வளர்க்கும் முக்கிய மரங்களில் புரசும் ஒன்று. அதன் இலையைத் தைத்து விஸ்தராக்கு என்று விருந்துக்குப் போடுவது தெலங்கானாவில் இன்னமும் மறையவில்லை. இவ்வளவு உறவுகள் நேற்று வந்த மரத்துக்கு வாய்க்க வெகுகாலம் ஆகும்.

எதிர்முனையில் இருப்பது கோனோகார்பஸ் என்ற மரம். ஆண்டு முழுக்கப் பச்சை, மளமளவென்று வளர்ச்சி, வெட்டி விட்டால் சுவர் மாதிரி நிற்கும். அதற்காகவே நகரங்களின் சாலை நடுவிலும் வீட்டு வேலிகளிலும் கணக்கில்லாமல் நட்டார்கள். வேர் குழாய்களை உடைக்கிறது, மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்று புகார்கள் கிளம்பி, தெலங்கானா, குஜராத், தமிழ்நாடு என அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை நடவேண்டாம் என்று உத்தரவிட்டன. எப்போதும் பச்சையாக இருக்கவேண்டும் என்ற நம் விருப்பம்தான் அந்த மரத்தைக் கொண்டுவந்தது. மூன்று மாதம் மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்து, பட்டுப்போய்விட்டது என்று முகம் சுளிப்பதும் அதே விருப்பம்தான்.

வருகிற ஆண்டுகளில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகலாம். பருவம் தப்பிய மழை பிப்ரவரி, மார்ச்சில் கொட்டினால் பூ உதிரும், தேன் கரையும். விஷுவுக்குப் பூக்கவேண்டிய கொன்றை பல வாரம் முன்பே பூத்துவிடுகிறது என்ற பேச்சு கேரளத்தில் ஆண்டுதோறும் கேட்கிறது. இப்படிப்பட்ட மாற்றத்தை நிரூபிக்க கியோட்டோவில் இருப்பது போன்ற நூற்றாண்டுக் கணக்கான பதிவுகள் நம்மிடம் இல்லை. 2010இல் தொடங்கிய சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் அந்தக் குறையை நிரப்பப் பார்க்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பவர்களும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் நிலவரத்தைப் பதிகிறார்கள்.

வாசலில் மரம் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. கடைசி இலை விழுந்த வாரம், முதல் பூ விரிந்த வாரம், இடையில் மழை பெய்ததா, நீங்கள் தண்ணீர் விட்டீர்களா என்ற நான்கு குறிப்புகளை ஒரு நாட்காட்டியில் எழுதி வந்தால் போதும். பத்து ஆண்டில் உங்கள் தெருவின் வசந்தத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல் உங்கள் கையில் இருக்கும். குழாயை எப்போது மூடவேண்டும் என்பதையும் அதற்குள் உங்கள் மரமே கற்றுக்கொடுத்திருக்கும்.